சேற்றில் நடக்கும் ஒளியறுவடை

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குச் செல்லும் இரயில் பாதை, ஆழ்வார்திருநகரியைக் கடந்து நாசரேத்தை அடைந்து, அங்கிருந்து குரும்பூர் வழியாக ஆறுமுகநேரியை எட்டுவதற்குள், ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறுபட்ட இருவகை நீர்நிலைகளின் அருகே ஓடுகிறது. நாசரேத்தைச் சூழ்ந்த பகுதியில் இருப்பவை தாமிரபரணியின் கால்வாய்கள் நிரப்பும் குளங்கள். கோடையில் நீர் வற்றும்போது அவற்றின் அடியிலுள்ள கருஞ்சேற்றைக் காலால் கிளறினால் கெட்ட முட்டையின் நாற்றம் எழும். ஆறுமுகநேரியிலும், அங்கிருந்து வடக்கே தூத்துக்குடி வரையிலும் இருப்பவை உப்பளங்கள். அவற்றின் பாத்திகளில் உப்புநீர் முதிர முதிர ஓர் இளஞ்சிவப்பு நிறம் படரும். குளத்துச் சேற்றிலும் உப்பளத்துப் பாத்தியிலும் கண்ணுக்குப் புலனாகாத சூக்ஷ்ம ஜீவிகள் வாழ்கின்றன. இரு வகையினவும் சூரிய ஒளியைத் தம் ஜீவனத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள வல்லவை. ஆயினும் ஒளியைக் கையாளும் முறையில் அவை இரண்டும் ஒன்றல்ல. அந்த வேற்றுமையின் காரணத்தை அறிந்துகொண்டோமானால், இன்று உலகத்து ரஸாயன சாலைகளில் செயற்கை ஒளியறுவடை என்ற பெயரில் நடைபெறும் முயற்சிகளின் உட்பொருளும், அவற்றிடம் நாம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பதும் தாமே விளங்கிவிடும்.

சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் வித்தை பச்சை இலைக்கே உரியது என்று நாம் பள்ளிக்கூடத்தில் கற்றோம். பூமியில் பச்சை இலை தோன்றுவதற்கு மிக நெடுங்காலம் முன்பே பாக்டீரியாக்கள் அந்த வித்தையில் கைதேர்ந்திருந்தன. அவற்றுள் ஊதாப் பாக்டீரியா என்றும் பச்சைக் கந்தகப் பாக்டீரியா என்றும் சொல்லப்படும் இரண்டு குலங்கள் நம் விஷயத்துக்கு முக்கியமானவை. 1883-ஆம் ஆண்டில், ஹாலந்து தேசத்து உட்ரெக்ட் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த எங்கெல்மான் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, நுண்ணோக்காடியின் கீழ் ஒரு துளி நீரின்மேல் ஒளியை வானவில்லின் நிறங்களாகப் பிரித்து விழச்செய்தபோது, அந்நீரிலிருந்த ஊதாப் பாக்டீரியாக்கள் சிவப்பையும் தாண்டி, மனிதக் கண்ணுக்கு வெறும் இருளாகத் தோன்றும் அகச்சிவப்புப் பகுதியில் போய்த் திரண்டதைக் கண்டார். நம்மால் காண முடியாத ஒளியை உண்டு வாழும் உயிர்கள் உண்டென்பது அவ்வாறு வெளிப்பட்டது. பின்னர் 1931-இல் வான் நீல் என்ற மற்றொரு விஞ்ஞானி, இந்தப் பாக்டீரியாக்கள் இலையைப்போல் நீரைப் பிளந்து பிராணவாயுவை வெளியிடுவதில்லை என்றும், சேற்றில் ஊறும் ஹைட்ரஜன் ஸல்பைடைப் பிளந்து கந்தகத்தை ஒதுக்குகின்றன என்றும், ஆகவே இலை வெளியிடும் பிராணவாயு நீரிலிருந்தே பிறந்திருக்க வேண்டும் என்றும் எடுத்துரைத்தார். நாம் சுவாசிக்கும் காற்றின் பிறப்பிடத்தை ஊகிக்க உதவியது சேற்றுப் பாக்டீரியாவே என்பது விஞ்ஞான சரித்திரத்தின் விசேஷங்களுள் ஒன்று.

சேற்றில் வாழ்வதென்றால் ஒளிக்குப் பஞ்சம் என்றே பொருள். குளத்தின் மேற்பரப்பில் பாசியும் அல்லியும் தாமரையும் தமக்கு வேண்டிய நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சிக்கொண்டபின், கரையோரத்து ஆழமற்ற நீரின் அடியில் எஞ்சுவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கிரணமே. அந்த மிச்சத்தை ஏற்பதற்கென்றே ஊதாப் பாக்டீரியாவின் நிறமி அமைந்திருக்கிறது. இலையின் பச்சையம் ஏறத்தாழ 680 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அப்பால் பெரும்பாலும் பயனற்றுப்போக, பாக்டீரியப் பச்சையம் 800 முதல் 900 நானோமீட்டர் வரையுள்ள கிரணங்களைக் கவர்ந்துகொள்கிறது. ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர்.

நிறம் பொருந்தினால் மட்டும் போதுமா? போதாது. ஒளி நம் கண்ணுக்கு இடையறாத வெள்ளமாகத் தோன்றினாலும், உண்மையில் அது ஃபோட்டான் என்ற தனித்தனித் துகள்களாகவே வந்து விழுகிறது. ஒரு பச்சைய மூலக்கூறு, தூத்துக்குடிச் சீமையின் நடுப்பகல் வெயிலிலேயே நின்றாலும், வினாடிக்கு ஏறத்தாழ 10 துகள்களுக்கு மேல் பெறுவதில்லை. மங்கிய சேற்றிலோ ஒரு துகளுக்காக அது பல வினாடிகள் காத்திருக்க நேரிடும். அதே சமயம், ஒளியை மின்னேற்றமாக மாற்றும் வினைமையம் என்ற புரத அமைப்பு வினாடிக்கு நூற்றுக்கணக்கான துகள்களைக் கையாளும் ஆற்றல் உடையது. அதைக் கட்டுவதற்கு உயிரணு செலவிடும் பொருளும் பிரயாசையும் அதிகம். ஒவ்வொரு நிறமிக்கும் ஒரு வினைமையம் என்று வைத்தால், விலைமிகுந்த அத்தனை வினைமையங்களும் பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கும். இந்தக் கணக்கை இயற்கை எப்படித் தீர்த்தது என்பதற்கு முதற்குறிப்பு 1932-இல் கிடைத்தது. அமெரிக்காவில் எமர்சன், ஆர்னால்டு என்ற இருவர், குளோரெல்லா என்ற பாசியின்மேல் மின்னல்போல் கணநேர ஒளியைப் பாய்ச்சி அளந்தபோது, ஒரு பிராணவாயு மூலக்கூறு வெளிவர ஏறத்தாழ 2,500 பச்சைய மூலக்கூறுகள் கூட்டாக இருக்க வேண்டியிருப்பதைக் கண்டார்கள். அந்த எமர்சனிடமே பயில்வதற்காக 1956-இல் அலகாபாத்திலிருந்து இல்லினாய் சென்ற கோவிந்தஜி, ஒளிச்சேர்க்கை ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற அறிஞராக விளங்கினார் என்பதை நாம் இங்கே நினைவுகூரலாம்.

நிறமிகள் கூட்டாக ஒளியை ஏந்தும் இந்த ஏற்பாட்டின் தத்துவம் தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்குப் புதியதன்று. பரந்த நிலத்தில் சிதறி விழும் மழைத்துளி எதுவும் தனித்து ஒரு வயலை நனைக்காது. ஆனால் நிலத்தின் சரிவு அத்துளிகளையெல்லாம் ஓடையாக்கிக் குளத்தில் சேர்த்துவிட்டால், ஒரே மடையைத் திறந்து ஓர் ஊரின் வயல்களைப் பாய்ச்சலாம். மடை ஒன்றே போதும். நீர் வரும் பரப்புத்தான் பெரிதாக இருக்க வேண்டும். பரப்பு முழுவதும் மடையை நோக்கிச் சரிந்திருக்கவும் வேண்டும். பாக்டீரியாவும் அவ்வாறே செய்கிறது. நூற்றுக்கணக்கான நிறமிகள் ஒளியை ஏந்துகின்றன. அவற்றுள் ஒன்றும் ரஸாயன வேலை எதையும் செய்வதில்லை. ஏந்திய சக்தியைக் கைமாற்றிக் கைமாற்றி ஒரு வினைமையத்திடம் ஒப்படைப்பதே அவற்றின் கடமை.

அந்தக் கைமாற்றம் நடக்கும் கூடம் எப்படிப்பட்டது என்பது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னரே தெரியவந்தது. ஊதாப் பாக்டீரியாவின் வினைமையத்தைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களால் அதன் அணுவமைப்பைக் கண்டறிந்த டைசன்ஹோஃபர், ஹூபர், மிஷல் ஆகிய மூவருக்கும் 1988-இல் ரஸாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒளியை ஏந்தும் பகுதியின் அமைப்பை 1995-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் காக்டெல், ஐசக்ஸ் ஆகியோரின் குழுவினர் வெளியிட்டபோது, அதன் ஒழுங்கு விஞ்ஞானிகளையே வியக்கவைத்தது. ஒன்பது அலகுகள் கூடி அமைந்த ஒரு புரத வளையம்; அதனுள் 18 பாக்டீரியப் பச்சைய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நெருங்கி நின்று ஒரு வட்டமாகின்றன; சற்றுத் தள்ளி, விலகி நிற்கும் 9 மூலக்கூறுகள் இரண்டாவது வட்டமாகின்றன. நெருங்கி நிற்பவற்றின் இடைவெளி ஏறத்தாழ 0.9 நானோமீட்டர்; விலகி நிற்பவற்றின் இடைவெளி 2.1 நானோமீட்டர். இரண்டு வட்டத்திலும் இருப்பது ஒரே மூலக்கூறுதான். எனினும், நிற்கும் நெருக்கமும் சூழலும் மாறியதால், விலகி நிற்கும் வட்டம் 800 நானோமீட்டர் ஒளியையும், நெருங்கி நிற்கும் வட்டம் 850 நானோமீட்டர் ஒளியையும் ஏற்கிறது. பொருளை மாற்றாமல், அடுக்கை மாற்றியே குணத்தை மாற்றிக்கொண்ட இந்தச் சாமர்த்தியத்தில்தான் செயற்கை ஒளியறுவடை முழுவதற்கும் வேண்டிய பாடம் அடங்கியிருக்கிறது.

அலைநீளம் கூடினால் துகளின் சக்தி குறையும். ஆகவே 800-லிருந்து 850-க்கும், அங்கிருந்து வினைமையத்தைச் சூழ்ந்துள்ள பெரிய வளையத்தின் 875-க்கும் சக்தி இறங்குவது, சரிவில் நீர் இறங்குவதையே ஒத்தது. முதல் தாவல் ஒரு பிக்கோ வினாடிக்குள், அதாவது வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்குள், முடிந்துவிடுகிறது. அடுத்தது சில பிக்கோ வினாடிகளில். பெரிய வளையத்திலிருந்து வினைமையத்துக்குப் போவது சில பத்துப் பிக்கோ வினாடிகளில். கிளர்ச்சியுற்ற நிறமி தன் சக்தியை வெறுமனே வெளிவிட்டுவிட ஏறத்தாழ ஆயிரம் பிக்கோ வினாடிகள் ஆகும். அதற்கு வெகுமுன்பே சரக்கு உரிய இடத்தில் ஒப்படைக்கப்பட்டுவிடுவதால், ஏந்திய துகள்களில் மிகப் பெரும்பாலானவை வீணாவதில்லை. இத்தகைய தாவலின் விதியை 1940-களில் வகுத்தவர் ஃபோர்ஸ்டர் என்ற ஜெர்மானியர். அவருடைய கணக்கின்படி, இரண்டு நிறமிகளின் இடைத்தூரம் இரட்டித்தால் தாவலின் வேகம் அறுபத்துநாலில் ஒரு பங்காகிவிடும். ஒரு நானோமீட்டர் பிசகினாலும் காரியம் கெட்டுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பச்சைக் கந்தகப் பாக்டீரியாவோ இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. ஊதாப் பாக்டீரியா தன் நிறமிகளைப் புரதச் சட்டத்தில் பொருத்தி நிறுத்த, இது சட்டமே இல்லாமல், நிறமிகள் ஒன்றையொன்று பற்றித் தாமே அடுக்கிக்கொள்ளும்படி விட்டுவிடுகிறது. குளோரோசோம் எனப்படும் அந்தப் பையின் நீளம் ஒன்றிரண்டு நூறு நானோமீட்டரே. அதனுள் 2,00,000-க்கும் மேற்பட்ட நிறமிகள் இருக்கக்கூடும். இத்தனை பெரிய ஏந்தியைக் கொண்டிருப்பதனாலேயே அந்தக் குலம் கருங்கடலில் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில் வாழ்கிறது. முற்காலத்தில் முத்துக்குளிப்போர் மூழ்கிய மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களைவிட அது பன்மடங்கு ஆழம். 2005-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியோ, பசிபிக் மகா சமுத்திரத்தில் ஏறத்தாழ 2,400 மீட்டர் ஆழத்தில், சூரியன் எட்டிப் பாராத இருளில், கடலடி வெந்நீர் ஊற்றின் மங்கிய பிரகாசத்தருகே இத்தகைய ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுத்ததாகத் தெரிவித்தது.

நம் நாட்டுக் கரைகளிலும் இவற்றைத் தேடியவர்கள் உண்டு. ஹைதராபாத்தில் சசிகலா, ரமணா ஆகிய இரு பேராசிரியர்களின் ஆராய்ச்சிக் குழுவினர் இந்திய நீர்நிலைகளிலிருந்து பல புதிய ஊதாப் பாக்டீரிய இனங்களைப் பிரித்தெடுத்து உலகுக்கு அறிவித்திருக்கிறார்கள். ரோடோவுலம் விசாகபட்டணமென்ஸ் என்ற இனம் விசாகப்பட்டினத்துக் கடல்நீரிலிருந்து கிடைத்ததாகும்.

இனி, மனிதன் செய்த முயற்சிக்கு வருவோம். பாக்டீரியாவின் வளையத்தை அணுவுக்கு அணு நகல் செய்ய முயல்வது ஒரு வழி. ஆக்ஸ்போர்டில் ஆண்டர்சன் குழுவினர், பச்சையத்தின் உறவினமான போர்ஃபிரின் மூலக்கூறுகள் பன்னிரண்டைக் கோத்து, முழு வளையமாக்கி 2011-இல் வெளியிட்டது அவ்வகையில் ஒரு சாதனை. ஆனால் அத்தகைய வளையத்தைச் செய்ய ரஸாயனப் படிகள் பல வேண்டும், கிடைப்பதோ சிறிதளவு. மற்றொரு வழி, குளோரோசோமின் வழி: மூலக்கூறு ஒன்றையே தக்கபடி வடிவமைத்துவிட்டு, அடுக்கும் வேலையை அம்மூலக்கூறுகளிடமே விட்டுவிடுவது. நாசரேத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத திருவனந்தபுரத்தில் பாப்பனங்கோடு என்னுமிடத்தில் உள்ள விஞ்ஞான நிலையம் இந்த இரண்டாம் வழியில் பெயர் பெற்றது. முன்பு வட்டார ஆராய்ச்சி நிலையம் என்றும், 2007 முதல் தேசிய இடைத்துறை அறிவியல் தொழில்நுட்ப நிலையம் என்றும் வழங்கும் அந்த ஸ்தாபனத்தில், அஜயகோஷ் என்ற ரஸாயன அறிஞரும் அவருடைய மாணவர்களும், நீண்ட கொழுப்புவால்கள் பொருந்திய ஒளிரும் மூலக்கூறு ஒன்றை உண்டாக்கினார்கள். அதனைச் சூடான திரவத்தில் கரைத்து ஆறவிட்டால், மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பினால் ஒன்றையொன்று பற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, நுண்ணிய இழைகளாகி, திரவம் முழுவதையும் தம்முள் சிறைப்படுத்திக் கூழாக உறையச் செய்தன. இது 2001-இல் வெளியான செய்தி.

அந்தக் கூழில் ரோடமின் என்ற சிவப்புச் சாயத்தைச் சிறிதளவு கலந்து, இழைகள் மட்டுமே ஏற்கக்கூடிய ஒளியைப் பாய்ச்சியபோது, ஒளியை ஏற்றது இழை, ஒளிர்ந்ததோ சாயம். இழையின் வழியாகத் தாவிச் சென்ற சக்தி சாயத்தை அடைந்து, அதன் நிறத்தில் வெளிப்பட்டது. அதே பொருள்களைக் கூழாக உறையவிடாமல் தனித்தனி மூலக்கூறுகளாகக் கரைத்து வைத்தால் இந்தக் கைமாற்றம் நிகழ்வதில்லை; இதனை அவர்கள் 2003-இல் வெளியிட்டார்கள். பொருள் அதுவே, ஒளியும் அதுவே. அடுக்கு இருந்தால் அறுவடை உண்டு, அடுக்கு இல்லையேல் அறுவடை இல்லை. பாக்டீரியாவின் வளையம் சொன்ன பாடத்தை ஒரு சிறு கண்ணாடிக் குப்பிக்குள் கண்ணெதிரே காட்டிய பரிசோதனை இது. பின்னர் அவர்கள் சாயத்துக்குப் பதிலாக வேறு ஏற்பிகளைச் சேர்த்து, நூற்றுக்கு மிகச் சில மூலக்கூறுகளே இருந்தாலும் இழை முழுவதும் ஏந்திய சக்தி அவற்றினிடத்தில் வந்து குவிவதையும், ஏற்பியின் அளவை மாற்றி ஒளிரும் நிறத்தையே மாற்றலாம் என்பதையும் காட்டினார்கள். அஜயகோஷுக்கு 2012-ஆம் ஆண்டின் இன்போஸிஸ் விஞ்ஞானப் பரிசு கிடைத்தது. அவருடைய மாணவராக இருந்த ஸுபி ஜார்ஜ் பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தில் தம் சகாக்களோடு சேர்ந்து, கரிமத் திரவங்களை விட்டு நீருக்கே வந்து, ரஸாயன முறையில் செய்த களிமண் தகடுகளில் நிறமிகளைத் தங்கவைத்து ஒளியறுவடை செய்யும் கூழை 2011-இல் அறிவித்தார். இத்தகைய தாவல்களைக் கணக்கிடுவதற்கு வேண்டிய அதிவேக லேஸர் கருவிகள் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அதற்கென்றே ஒரு தேசிய மையம் இயங்குகிறது.

இவ்வளவும் கேட்டபின், இந்தக் கூழைத் தகட்டில் பூசினால் மின்சாரம் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வியே. பதில், கிடைக்காது என்பதுதான். ஏந்துவது வேறு, மாற்றுவது வேறு. கூழ் ஏந்திய சக்தி கடைசியில் சிவப்பொளியாக வெளியேறிவிட்டது. அதை மின்னேற்றமாகப் பிரிக்கவும், பிரிந்த மின்னேற்றம் திரும்பவும் சேர்ந்துவிடாமல் காக்கவும், அதைக்கொண்டு நீரைப் பிளக்கவோ எரிபொருள் சமைக்கவோ வல்ல வினையூக்கியை அமைக்கவும், அதன்பின் வேலைகள் பல உண்டு. அன்றியும், வெயிலில் கிடக்கும் சாயம் எதுவும் நாளடைவில் வெளிறிப்போகும். பாக்டீரியாவுக்கும் அந்தத் துன்பம் உண்டு. ஆனால் அது சிதைந்த பகுதியைக் களைந்துவிட்டுப் புதியதைச் செய்து பொருத்திக்கொள்கிறது. தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும் அந்தச் சக்தி நம்முடைய குப்பிகளுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

இவ்விடத்தில்தான் உப்பளத்துப் பாத்தி நமக்குப் புத்தி சொல்கிறது. அங்கே நிழலே கிடையாது. ஒளிக்குக் குறைவே இல்லை. பாத்தியின் சிவப்புக்குக் காரணமானவற்றுள் டுனலியெல்லா என்ற பாசியும், பாக்டீரியாவினின்று வேறான ஆர்க்கியா என்னும் குலத்துச் சூக்ஷ்ம ஜீவிகளும் உண்டு. அந்த ஆர்க்கியாவில் ஒருவகை, 1971-இல் எஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கேனியஸ் என்ற இருவர் அறிவித்தபடி, நம் கண்ணிலுள்ள ரெட்டினல் என்ற வைட்டமின்-ஏ உறவினப் பொருளைப் புரதத்தில் பொதிந்து வைத்திருக்கிறது. ஒளி பட்டவுடன் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும் எளிய இயந்திரம் அது. ஓர் இயந்திரத்துக்கு ஒரு நிறமி, அவ்வளவே. ஏந்திக் கொடுக்கும் வளையம் எதுவும் அதற்கு இல்லை. உப்புநீரிலேயே வாழும் சாலினிபாக்டர் என்ற மற்றொரு ஜீவியிடம் 2005-இல் கண்டுபிடிக்கப்பட்ட இயந்திரம் ஒன்று, தனக்குத் துணையாக ஒரே ஒரு கரோட்டினாய்டு நிறமியை மட்டும் ஏந்தியாக வைத்துக்கொண்டிருக்கிறது. மறுபுறம், சேற்றிலுள்ள ஊதாப் பாக்டீரியாவோ, ஒளி மங்கினால் ஏந்தும் வளையங்களைப் பெருக்கிக்கொள்கிறது. ஒளி மிகுந்தால் குறைத்துக்கொள்கிறது. ஏந்தி என்பது பஞ்ச காலத்துக்கான ஏற்பாடு.

ஆகவே, வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் சீமையில், மலிவாகக் கிடைக்கும் சிலிக்கன் தகடுகள் வெட்டவெளியில் செய்துவரும் வேலைக்குப் போட்டியாக இந்தக் கூழை நிறுத்துவது அதன் இயல்புக்கு ஒவ்வாத காரியம். ஒளி மங்கிய இடமும், மாற்றும் கருவி விலைமிகுந்த இடமும், சாதாரணத் தகடு ஏற்காத நிறம் வீணாகும் இடமுமே அதற்குத் தகுந்த களங்கள். வீட்டுக்குள் விளக்கொளியில் இயங்கும் சிறு உணர்கருவிகள், அரிய உலோகத்தாலான வினையூக்கிகள், சில நிறங்களை நன்கு ஏற்காத மின்கலங்கள் ஆகியவற்றுக்கு ஓர் ஏந்தி துணை நின்றால் அதன் பயன் தெரியும். திருவனந்தபுரத்து நிலையத்திலேயே, சாயமேற்றிய சூரிய மின்கலங்களை அறைவெளிச்சத்துக்கு ஏற்றவாறு சமைக்கும் முயற்சி நடைபெற்றுவருவது, இந்தக் கணக்கு சரியென்பதற்கு ஓர் அறிகுறி.

இத்தகைய விஷயங்களை ஏட்டளவில் நிறுத்தாமல் கண்ணால் காணும் வழியும் நம் ஊரிலேயே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கனோன் மர்காஷிஸ் பாதிரியார் முதலியோர் காலத்திலேயே கல்விக்கூடங்களுக்குப் பெயர் பெற்றுவிட்ட நாசரேத்தில், எந்தப் பள்ளி மாணவனும் குளத்துச் சேற்றோடு கிழித்த காகிதத்தையும், உப்பளங்களில் உபபொருளாகக் கிடைக்கும் ஜிப்சத்தையும் சிறிது கலந்து, உயரமான கண்ணாடிக் குடுவையில் இட்டு, மேலே குளத்து நீரை ஊற்றி மூடி, வெளிச்சம் படும் ஜன்னலோரம் சில வாரங்கள் வைத்துவிடலாம். அன்றைய ருஷ்ய சாம்ராஜ்யத்தில் பிறந்த வினோகிராட்ஸ்கி 1880-களில் வகுத்த முறை இது. அடியில் கறுப்பும், அதன்மேல் கந்தகம் மிகுந்த இடத்தில் பச்சையும், அதற்கும் மேலே ஊதாவும் படிவதைப் பார்க்கும்போது, ஒவ்வொரு குலமும் கந்தகத்தின் அளவுக்கேற்பத் தனக்குரிய இடத்தில் குடித்தனம் நடத்துவது புலனாகும். நாளைக்குச் செயற்கை இலை ஒன்று பிறந்துவிட்டதாகப் பத்திரிகையில் செய்தி வந்தால், அந்த மாணவன் மூன்று கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவனாக இருப்பான்: அது ஒளியை ஏந்துகிறதா, ஏந்தியதை மாற்றுகிறதா, மாற்றும் வேலையை நெடுங்காலம் செய்கிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்ற விடையைச் சேற்றுப் பாக்டீரியா பல கோடி ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. நம்முடைய ரஸாயன சாலைகள் முதல் கேள்விக்கு நல்ல விடை கண்டு, இரண்டாவதற்கு அரைகுறை விடையோடு, மூன்றாவதில் இன்னும் பாலபாடத்திலேயே இருக்கின்றன.